தலை இல்லாத படம்



பள்ளி விடுமுறை தொடங்கி மூன்று நாள்களாகின்றன. திருத்த வேண்டிய தாள்களைத் திருத்தியாயிற்று. நிரப்ப வேண்டிய பாரங்களை நிரப்பியாயிற்று. நெடுநாளாக எழுத எண்ணித் தள்ளிப் போட்டு வந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். ஆசிரிய நண்பர்களும் பெற்றோரும் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். இது நிழற்படம் பற்றியது. ஆயினும் நான் நிழற்படக் கலைஞர் அல்லேன். பள்ளி விளையாட்டுப் போட்டியில் படம் எடுக்க ஆள் இல்லாதபோது, "டீச்சர், நீங்க எடுங்களேன்" என்று கையில் படக்கருவியைத் திணித்ததால் அதைப் பிடிக்கத் தொடங்கியவள். 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாதங்களில்தான் அது பழக்கமாக மாறியது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கு அருகிலுள்ள ஓர் ஒட்டுக்கடையில் நாங்கள் ஆறு பேர் கூடுகிறோம். எங்களில் மூத்தவர் பல்லாண்டுகள் நிழற்பட நிலையம் நடத்தி, எல்லார் கையிலும் திறன்பேசி வந்த பிறகு கடையை மூடியவர். அவரை நாங்கள் ஸ்டூடியோ ஐயா என்றே அழைப்போம். ஒருவர் மருத்துவமனைத் தாதி. ஒருவர் அஞ்சல் ஊழியர். பழைய படக்கருவிகளைப் பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரும் உண்டு. அவருக்காகப் பேச்சில் பாதி மலாயில் நடக்கும். மற்ற இருவர் ஆசிரியர்கள், என்னையும் சேர்த்து.

இங்கு ஒரு வழக்கம் உண்டு. நன்றாக வந்த படத்தைக் கொண்டு வரக்கூடாது. "நல்லா வந்ததக் காட்டினா நாங்க நல்லா இருக்குன்னுதான் சொல்லணும். அதுக்கு எதுக்குக் காலையில எழுந்து வரணும்? இது படமா, பிழையான்னு உங்களுக்கே தெரியாம ஒன்னு கிடக்கும் பாருங்க, அதக் கொண்டு வாங்க" என்பார் ஸ்டூடியோ ஐயா. திறன்பேசித் திரையில் காட்டுவதும் கூடாது. விரலால் தள்ளிக்கொண்டே போய்விடுவார்களாம். கடையில் கொடுத்து 4ஆர் அளவில் அச்சிட்டுத்தான் மேசையில் வைக்க வேண்டும். வைத்தவர் வாய் திறக்கக்கூடாது. எங்கே எடுத்தேன், ஏன் எடுத்தேன், கை நடுங்கிவிட்டது என்றெல்லாம் சொல்லக்கூடாது. மற்ற ஐவரும் தாம் காண்பதைச் சொல்லி முடித்த பிறகே அவர் பேசலாம்.

இன்னொரு விதியும் பேசாமலே நிலைத்துவிட்டது. ஏரிப் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி நீரின்மேல் கிளை நீட்டிக் கிடக்கும் அந்தக் காட்சியை யாரும் கொண்டு வருவதில்லை. 1880-இல் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் அமைந்த பூங்கா அது. அங்குப் படம் எடுக்காத தைப்பிங்காரர் இருக்க மாட்டார். மழை பெய்த மறுநாள் காலையில் அங்கே நின்று கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினாலும் நாட்காட்டிப் படம் கிடைக்கும். தைப்பிங்கில் மழை பெய்யாத நாளைத்தான் தேட வேண்டும்.

முதல் முறை நான் கொண்டு போனது எங்கள் பள்ளிச் சபைக்கூடல் படம். வெள்ளைச் சட்டை அணிந்த நாற்பது பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், சட்டைகள் பளிச்சிடுகின்றன, முகங்கள் கரிக்கட்டையாக இருக்கின்றன. என் கைக்குற்றம் என்றே எண்ணியிருந்தேன். சீனப் பெரியவர்தான் விளக்கினார். படக்கருவிக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரில் நிற்பது பிள்ளையா சுவரா என்று தெரியாது. தான் காணும் காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பொருள் என்று அது கணக்குப் போடும். வெள்ளைச் சட்டை நிறைந்த காட்சியைக் கண்டால் ஒளி அதிகம் என்று எண்ணி அனைத்தையும் இருட்டாக்கிவிடும். சட்டை சாம்பலை நோக்கி இறங்கும்போது நம் பிள்ளைகளின் முகம் இருளுக்குள் போய்விடும்.

படச்சுருள் காலத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் இருந்ததை ஸ்டூடியோ ஐயா சொன்னார். வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் வெள்ளைத் தோல் கொண்ட பெண் ஒருத்தியின் படம் இருக்கும். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வருகிறதா என்று பார்த்தே நிறங்களைச் சரிசெய்தார்கள். பல நிறத்தவரையும் கொண்ட அட்டைகள் 1990-களில்தான் வந்தன. நம் வீட்டுப் பழைய திருமணப் படங்களில் மாப்பிள்ளையின் வேட்டி மட்டும் தெரிவதற்கு மாப்பிள்ளை முழுப் பொறுப்பு அல்லர்.

பெற்றோர்க்கு ஒரு குறிப்பு: பிள்ளையை நண்பகல் வெயிலில் நிறுத்தாமல் மரநிழலிலோ ஐந்தடி நடைபாதையிலோ நிறுத்துங்கள். அருகில் செல்லுங்கள். திறன்பேசித் திரையில் பிள்ளையின் முகத்தைத் தொட்டு, ஒளியைச் சற்று மேலே நகர்த்துங்கள். பின்னணி வெளுத்துப் போனால் போகட்டும்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. நான் எழுத வந்தது வேறு.

2023-ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு படத்தை அச்சிட்டு, இரண்டு மாதம் கைப்பையிலேயே வைத்திருந்தேன். இரண்டு கூட்டங்களிலும் எடுக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் மேசையில் வைத்தேன்.

அது என் தந்தையாரின் படம். அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அதற்கு முந்திய ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்து, இடக்கை செயலிழந்து, வாய் ஒரு புறமாகக் கோணிப்போயிருந்தது. மாலையில் வீட்டு வாசலில் நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்தபோது எடுத்தேன். கழுத்திலிருந்து முழங்கால் வரைதான் படத்தில் இருக்கிறது. முகம் இல்லை.

நான் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தேன். அஞ்சல் ஊழியர் நாற்காலியின் நீல நிறத்தைச் சொன்னார். என் சக ஆசிரியர், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருப்பதைச் சொன்னார். காலையில் நான்தான் போட்டு விட்டேன். அவ்வளவு நாளும் அது என் கண்ணில் படவில்லை. சீனப் பெரியவர் வலக்கைக் கட்டைவிரலின் ஓரத்தில் இருந்த தடிப்பைத் தொட்டுக் காட்டி, உளிக்கத்தி பிடித்த கை என்றார் மலாயில். தாதிதான் நெடுநேரம் பார்த்தார். "இவரோட வலக்கை இடக்கையப் பிடிச்சிருக்கல. தூக்கி மடியில வச்சிருக்கு. இடக்கை தானா வரல" என்றார்.

ஸ்டூடியோ ஐயா கடைசியாகப் பேசினார். "கழுத்துல வெட்டியிருக்கீங்க டீச்சர். மூட்டு இருக்கிற எடத்துல வெட்டினா, அது கை தவறினதாத்தான் தெரியும். கழுத்து, மணிக்கட்டு, முழங்காலு, கணுக்காலு, இங்கெல்லாம் ஓரம் வரக்கூடாது. இன்னும் ரெண்டு அடி முன்னுக்குப் போயி நெஞ்சுல வெட்டியிருந்தா, முகத்த வேணும்னே விட்டிருக்கீங்கன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியும். இப்ப நீங்க வேணும்னு விட்டீங்களா, தவறிப் போச்சான்னு எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. அதுதான் அந்தப் படத்தை இரண்டு மாதம் கைப்பையில் வைத்திருந்ததற்குக் காரணம். கோணிய வாயோடு தந்தையாரைப் படமெடுத்து வைப்பது மரியாதை அன்று என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விசையை அழுத்தும் நேரத்தில் முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை என்பதும் உண்மை. இவ்விரண்டில் எது என் கையை இறக்கியது என்பதைப் படம் காட்டிக் கொடுத்துவிடும் என்ற அச்சம் இருந்தது.

பேச வேண்டிய என் முறை வந்ததும் இதைச் சொன்னேன். யாரும் ஆறுதல் கூறவில்லை. அதற்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன். தாதி மட்டும், "அப்பா இந்தப் படத்தப் பார்த்தாரா?" என்று கேட்டார்.

காட்டவில்லை. முன்பின் அறியாதவர்க்கெல்லாம் காட்டத் துணிந்தவள், படத்தில் இருப்பவரிடம் காட்டவில்லை.

அன்றிரவே காட்டினேன். தந்தையார் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, படத்தை வலக்கையால் பிடித்து விளக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பேச்சு அப்போது சற்றுக் குழறும். "கை நல்லா இருக்கு. மூஞ்சி எங்க?" என்றார். நான் என்ன சொல்வதென்று அறியாமல், சரியாக வரவில்லை அப்பா என்று பொய் சொன்னேன். "அப்ப நாளைக்கு நல்லா எடு" என்றார். மறுநாள் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து வாரச் சொன்னார். தீபாவளிக்கு எடுத்த சட்டையைக் கேட்டார். வாசலில் அமர்ந்து, கோணிய வாயால் சிரித்தார். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின்மேல், மருந்து அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அவரே காட்டுகிறார்.

அவர் "மூஞ்சி எங்க?" என்று கேட்ட நொடியில் எனக்கு வேறொரு குரல் கேட்டது. அது என் குரல்.

2012-ஆம் ஆண்டில், வேறொரு பள்ளியில் நான் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருந்தேன். குழந்தைகள் தினக் கண்காட்சிக்கு 'என் வீடு' என்ற தலைப்பில் ஆளுக்கு ஒரு படம் கொண்டு வரச் சொல்லியிருந்தோம். பெரும்பாலோர் குடும்பத்தோடு கடையில் எடுத்த படத்தைக் கொண்டு வந்தனர். பின்வரிசையில் அமரும் ஒரு மாணவன், பேச்சுக் குறைவானவன், தானே அப்பாவின் கைப்பேசியில் எடுத்ததை அச்சிட்டுக் கொண்டு வந்தான். ஒரு மூதாட்டி தரையில் அமர்ந்து பூக் கட்டுகிறார். முறத்தில் மல்லிகை. வாழைநார். கைகள். கழுத்துக்கு மேல் படம் முடிந்துவிடுகிறது.

அவன் அதை என்னிடம் நீட்டியபோது, "டீச்சர், இது சரியான்னு தெரியல" என்றான். அந்தச் சொற்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. நான் படத்தை வாங்கி, வகுப்பு முழுவதும் காணும்படி உயர்த்திப் பிடித்து, "ஐயா, உங்கள் பாட்டியின் தலையை யார் எடுத்துக்கொண்டு போனது?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு படத்தை வாங்கி மலாய்மொழிப் பாடநூலுக்குள் வைத்துக்கொண்டான். கண்காட்சியில் அவன் படம் இல்லை. இல்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

நான் கொடுமைக்கார ஆசிரியை அல்லேன். அன்று கோபமாகவும் இல்லை. நகைச்சுவை என்றே எண்ணினேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கட்டுரை திருத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். சிவப்பு மைப் பேனா, பிழை வகைக்கு ஒரு குறியீடு, ஓரத்தில் எண்ணிக்கை. நல்ல பயிற்சிதான், அதைக் குறை கூறவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும் வரை அந்தச் சிவப்பு மையால்தான் பிள்ளைகளைக் கரையேற்றினோம். ஆனால் இருபது ஆண்டுகள் அதையே செய்தால், எதை நீட்டினாலும் கண் முதலில் இல்லாததையே தேடிப் போகிறது. முறம் இருந்தது, பூ இருந்தது, நார் சுற்றிய விரல் இருந்தது. நான் தலையைத் தேடினேன்.

இதை ஸ்டூடியோ ஐயாவிடம் சொன்னபோது அவர் பதில் கூறாமல், அடுத்த முறை ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்தார். அதில் லார்டீக் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த ஒரு படம் இருந்தது. பிறந்தது 1894-இல். இளைஞராக இருந்தபோது, 1910-களின் தொடக்கத்தில், கார்ப் பந்தயம் ஒன்றில் எடுத்தது. விரைந்து செல்லும் காரின் முன்பகுதி படத்துக்கு வெளியே போய்விட்டது. சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் நிற்கும் மனிதர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறார்கள். அக்காலப் படக்கருவியில் திரையின் பிளவு மேலும் கீழுமாக நகர்ந்து படத்தைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்யும். அதற்குள் காரும் நகர்ந்துவிட்டது. காரைத் தொடர்ந்து அவர் திருப்பிய படக்கருவியும் நகர்ந்துவிட்டது. பிழைக்குமேல் பிழை. கெட்டுப்போன படம் என்று அவரே ஒதுக்கி வைத்துவிட்டார். அவருடைய படங்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1963-இல் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அவருக்கு வயது 69. இன்று விரைவு என்றால் என்ன என்று காட்ட வேண்டுமானால் அந்தச் சாய்ந்த சக்கரத்தைத்தான் காட்டுகிறார்கள்.

எனக்கு அதைவிட, அதே நூலில் கண்ட ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரைப் பிடித்திருந்தது. 1863-இல் மகளும் மருமகனும் படக்கருவியைப் பரிசளித்தபோது அவருக்கு 48 வயது. எனக்கு இப்போது ஏறத்தாழ அந்த வயது. படம் தெளிவாக இல்லை, கலங்கியிருக்கிறது என்று அக்கால இங்கிலாந்தின் நிழற்பட இதழ்கள் அவரைக் கடிந்துகொண்டே இருந்தன. அவர் தெளிவாக்கவே இல்லை. 1875-இல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குப் போய், அங்கும் தோட்டத்து மக்களைப் படம் எடுத்து, 1879-இல் அங்கேயே மறைந்தார். பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு, அந்தப் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

ஆனால் நண்பர்களே, இந்தக் கதைகளைக் கொண்டு எல்லாப் பிழையும் கலை என்று வாதிட எனக்கு விருப்பம் இல்லை. பெரும்பாலான கெட்ட படங்கள் கெட்ட படங்களே. என்னுடைய சபைக்கூடல் படம் இன்றும் கெட்ட படம்தான். எழுத்துப்பிழையைப் பிழை என்று சொல்லாத ஆசிரியர் பிள்ளைக்கு உதவுகிறவர் அல்லர். "எல்லாம் அழகு, எல்லாம் அருமை" என்று கைதட்டிவிட்டுப் போவதும் ஒருவகைச் சோம்பல் என்பதே என் எண்ணம். பெற்றோர் சிலர் இதை என்னோடு ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் அறிவேன். ஸ்டூடியோ ஐயா கழுத்தில் வெட்டாதே என்று சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு என்ன பயன்? அவர் அதைச் சொல்வதற்கு முன்னால் நாலு பேர் என் தந்தையின் கைகளைப் பார்த்தார்கள். அதனால்தான் அந்தக் குறை என் காதில் குறையாக விழாமல், அடுத்த முறை எங்கே நிற்பது என்பதாக விழுந்தது.

இப்போது என் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாடவேளையில் இதைச் சிறிய அளவில் செய்கிறோம். படம் மட்டும் அன்று. எழுதி முடித்தும் நிறைவில்லாத ஒரு பத்தி, ஓர் ஓவியம், எதுவும் ஆகலாம். வைத்தவர் பேசக்கூடாது. மற்றவர்கள் காண்பதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் பெரும் இரைச்சலாக இருந்தது. "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வாக்கியம் வரவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு சிறுமி, தோழியின் ஓவியத்தைப் பார்த்து, "வீட்டுக்குச் சன்னல் இருக்கு, ஆனா கதவு இல்ல, அவ உள்ளயே இருக்காளா?" என்று கேட்டாள். வரைந்தவள் விதியை மறந்து, "ஆமா, காய்ச்சல்" என்றாள்.

இனி அந்த மாணவன். 2025-ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை ஆலயத்துக்குச் சென்றிருந்தோம். வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் உயரமான இளைஞன் ஒருவன் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றான். முகம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் தெரிந்தது. லாரி ஓட்டுகிறானாம், இரவில் பினாங்குக்கும் ஜொகூருக்கும் சரக்கு ஏற்றிப் போகிறான். கூட்டம் சற்றுக் குறைந்ததும் நானே கேட்டுவிட்டேன். பாட்டி பூக் கட்டும் படம் ஒன்று ஐந்தாம் ஆண்டில் கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா?

"இருக்கு டீச்சர். அந்த வருசந்தான் தாத்தா தவறிட்டாரு. பாட்டி, பொட்டு இல்லாத மூஞ்சிய எடுக்காதடான்னு சொல்லுச்சு. அதான் கைய மட்டும் எடுத்தேன்."

நான் மோர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று நான் சொன்னது தவறு என்றேன். இன்னும் நல்ல சொற்களை வைத்திருந்தேன், வரவில்லை.

"அட, விடுங்க டீச்சர். தலை இல்லதானே" என்று சிரித்தான். பன்னிரண்டு வயதுக்குள் இருந்த அதே சிரிப்பு. அந்தப் படம் இப்போது இருக்கிறதா என்று கேட்டேன். வீடு மாறியபோது எங்கோ போய்விட்டதாம். பாட்டியும் இல்லை.

கை துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து திறன்பேசியை எடுத்தான். சற்றுத் தயங்கினான். "டீச்சர், நான் ராத்திரில லாரிய நிப்பாட்டிட்டு சும்மா எடுப்பேன். இது ஒன்னு. இருட்டா இருக்கு, சரியா வரல" என்று நீட்டினான்.

பின்னால் காவடிக்கான உறுமி நெருங்கிக்கொண்டிருந்தது. திரையில் வெயில் பட்டுத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஈரமான சாலை. நெடுஞ்சாலை ஓய்விடத்தின் ஒற்றை விளக்கு. லாரியின் பக்கக் கண்ணாடி, அதற்குள் சிறியதாக ஒரு மனிதனின் தோளும் காதும்.

"கண்ணாடிக்குள்ள ஒருத்தர் இருக்காரு" என்றேன்.

"அட, ஆமா டீச்சர்" என்று அவனும் குனிந்து பார்த்தான்.